சுவரில் காது வைத்த அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசையோடு எழுதுவது. நானும் அம்மாவும் நலம், வீடும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டின் நலத்தையும் சேர்த்து எழுத இரண்டு வாரம் காத்திருந்தேன். ஹால் சுவிட்சு போர்டில் கருகல் வாடை வந்ததும், உள்ளே ஒயர்களின் மேல் ரப்பர் தொட்டாலே நொறுங்கியதும் உனக்குத் தெரியும். முதலில் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சொன்னதைத்தான் உன்னிடம் மறைத்துவிட்டோம். சுவரை நாலு தட்டுத் தட்டிவிட்டு, எல்லாத்தையும் வெட்டணும் சார், ஒரு மாசம் வீட்டைக் காலி பண்ணிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கோ ஒட்டடை அடித்தாலே மூச்சு இழுக்கும். சித்தி வீட்டில் போய் இரு என்றேன், என் வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்றாள். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை, எந்நேரம் எது தீப்பிடிக்குமோ என்று நான் போர்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரர் மின்னலைக் கூட்டிவந்தார். பயப்படாதே, மின்னல் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், இருபது வருஷமாக எலக்ட்ரிக் வேலை, தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவள் சுவரைத் தட்டவே இல்லை. போர்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்து, சுவத்துக்குள்ள ஒயர் போற பைப்பு நல்லாத்தான் இருக்கு, பழைய ஒயர் வந்த வழியிலயே புதுசை விட்டுடலாம், சுவத்துல கை வைக்க வேண்டாம் என்றாள். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி அந்தப் பக்கம் இழுத்தால், பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலப் புதியது உள்ளே நுழைந்து போகிறது! இரண்டே நாளில் சமையலறையும் எங்கள் அறையும் முடிந்தன. மூன்றாம் நாள் ஹாலிலிருந்து பின்னறைக்குப் போகும் ஒயர் பாதியில் அறுந்தது. நீளமான நைலான் கம்பியை விட்டுப் பார்த்தாள், முட்டி நின்றது, அந்தப் பக்கத்திலிருந்து விட்டாள், அங்கேயும் முட்டியது. எங்க அடைச்சிருக்குன்னு தெரியாம வெட்டினா சுவர் பூரா போயிடும் சார் என்று மின்னல் முகம் வாடிப் போனாள்.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சமையலறையிலிருந்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து, வாயைச் சுவரில் கவிழ்த்து அடியில் காதை வைத்துக்கொண்டாள். கம்பியை ஆட்டும்மா என்று மின்னலிடம் சொல்லிவிட்டு, நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கும் டாக்டர் போல அடி அடியாக நகர்ந்தாள். நான் சிரித்துவிட்டேன், வாயை மூடுங்க, சுரண்டுற சத்தம் கேக்குது என்று ஒரு அதட்டல். பீரோ பக்கத்தில் நின்று, இதுக்குப் பின்னாடிதான் என்றாள். பீரோவை நகர்த்தினால், பாப்பா, பெயின்டுக்கு மேல் பெயின்டு பூசி மறைந்துபோன ஒரு வட்ட மூடி! முப்பத்தொரு வருஷம் குடியிருந்தும் அங்கே சுவருக்குள் ஒயர் இணைக்கும் பெட்டி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. திறந்தால் உள்ளே பைப்பு வளைவு வரைக்கும் குளவி கட்டிய மண்கூடு. நனைத்து நனைத்துச் சுரண்டி எடுத்ததில் ஒரு கைப்பிடி மண், அவ்வளவுதான் தூசி.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். ஹாலில் நான் ஒயரை உள்ளே தள்ள, பின்னறையில் மின்னல் இழுக்க, நடுவில் பெட்டியருகே நின்று அம்மா விடுங்க, நிறுத்துங்க, இழுங்க என்று போட்ட சத்தத்தில், எங்களுக்குள் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் பேச ஓடி வந்துவிட்டார். பின்னறையில் சிவப்பு ஒயர் தலை நீட்டியதும் மின்னல் விசிலடித்தாள், நான் குதித்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. மெயினைப் போட்டதும் பட்டப்பகலில் எல்லா விளக்கையும் எரியவிட்டு அறை அறையாகச் சுற்றினோம்.

பெரிய செய்தி இனிமேல்தான். மறுநாள் காலை மின்னல் வந்து நின்றாள். இதே மாதிரி அடைப்பு இன்னொரு வீட்டுல இருக்கு, உங்க காது வேணும், சம்பளம் தர்றேன், வர்றீங்களாம்மா என்றாள். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்! இன்று நாலாவது நாள். சுவர் வெட்டாத வேலைதான், மூச்சுக்கும் ஒன்றுமில்லை, மருந்தைப் பையில் நானே வைத்து அனுப்புகிறேன். சோறு வடிப்பதும் நான்தான், குழைந்து போகிறது, அதைக் கட்டிக்கொண்டு போய் ருசியாக இருந்தது என்று பொய் சொல்கிறாள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள், நினைத்ததெல்லாம் நடக்கட்டும். ஒரே பிளக்கில் நாலைந்து சாமான்களைச் செருகாதே. முக்கியமாக ஒன்று, வேலையில் ஒரு வாரம் தாக்குப்பிடித்த பிறகு தன் வாயாலேயே உன்னிடம் சொல்லப்போவதாக அம்மா இருக்கிறாள். அவள் போன் செய்யும்போது ஒன்றுமே தெரியாதவள் போல, நடுநடுவே ஐயோ அப்படியா என்று கேள், பாதியில் சிரித்து என்னை மாட்டிவிடாதே.

இப்படிக்கு,
வேலைக்குப் போகிறவளின் கணவனும்
உன் அன்பு அப்பாவும்