வியாழக்கிழமை லாரி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

ஊருக்கெல்லாம் நீ சாமி, எனக்குத் தம்பிதான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு வயிற்றில் கட்டி இருக்கிறதாம். இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டும் என்கிறார் டாக்டர். உன்னை விட்டால் எனக்கு யார்? பட்டாளத்துக்குப் பூசை வைத்தது போதும். இரண்டு வருஷமாகக் குண்டுச் சத்தத்துக்குள்ளேயே கிடக்கிறாய். லீவு கேட்டு வந்து சேர். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி உனக்குக் கட்டில் போட்டுவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

லீவு கிடைத்துவிட்டது. வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன், காயம்பட்டவர்களை ஏற்றிப்போகும் லாரியில் எனக்கும் ஓர் இடம். உன் கட்டியை நினைத்துக் கவலைப்படுவதற்கு முன்னால், இங்கிருந்து போகலாம் என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி என்று பெயர்தான், இது ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். நேற்று மட்டும் சாகக் கிடந்த நான்கு பேருக்கு எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். போன வாரம் ஒருவன் தன் பாவங்களை ஒவ்வொன்றாக என்னிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்துவிட்டேன். அவனே என்னைத் தட்டி எழுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

தைரியமாக இரு, வந்துவிடுகிறேன்.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். எனக்குக் கட்டியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. உன்னை வரவழைக்கப் பொய் சொன்னேன். நீ உட்காரப் போகும் இடத்தில் படுத்து வர வேண்டியவன் ஒருவன் இருப்பானே என்ற நினைப்பு என்னைத் தின்கிறது. சொல்லிவிட்டேன். ஆனாலும் நீ வா, கிடைத்த லீவு லீவுதானே. இதையே என் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொண்டு மன்னித்துவிடு.

அக்கா

மார்ச் 16

அக்கா,

நான் லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதில் வந்த தபால் பையைப் பிரித்தார்கள். டிரைவர் உன் கடிதத்தை எட்டிக் கொடுத்தார். படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் நல்ல கோபம் வந்தது. இறங்கிவிட்டேன். என் இடத்தில் கால் போன சமையல்காரர் ஒருவரை ஏற்றினோம்.

நாளை எதிரிப் படை இங்கே வந்துவிடும் என்கிறார்கள். ஒன்பது பேரை அசைக்கவே முடியாது, அசைத்தால் உயிர் போய்விடும். உத்தரவு வந்து டாக்டரும் கிளம்புகிறார். அவர்களில் ஒருவன் கேட்டான்: "சாமி, நீங்களும் போயிட்டா நாங்க யார் முகத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கிறது?" என் பெட்டியை அவன் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. இருக்கிற களைப்பில் அதுவும் பாதிதான் தெரிகிறது.

பாவசங்கீர்த்தனம் கடிதத்தில் செல்லாது. நேரில் சொன்னால்தான் குருவானவர் மன்னிக்க முடியும். நம் ஊர்க் கோயில் பங்குச்சாமியிடம் போ. தம்பி என்ற முறையில் கேட்டால், லாரியை விட்டு இறங்கும்போதே மன்னித்துவிட்டேன்.

இதை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

அந்த ஒன்பது பேரில் ஒரு பையன், கைதியாக இருந்து விடுதலையாகி, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். துப்பாக்கியோடு வந்தவர்களைப் பூசை அங்கியோடு வாசலிலேயே மறித்து நின்றாயாம். "உள்ள இருக்கிறவங்க யாராலயும் எழுந்திரிக்கக்கூட முடியாது, பாருங்க" என்றாயாம். மிரண்டுபோன ஒரு சிப்பாய் உன்னைச் சுட்டுவிட்டான். சத்தம் கேட்டு வந்த அவர்களுடைய அதிகாரி உள்ளே பார்த்துவிட்டு மற்றவர்களைத் தடுத்திருக்கிறார். ஒன்பது பேரும் இருக்கிறார்கள். சமையல்காரரும் பிழைத்துவிட்டாராம். பையன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பங்குச்சாமியிடம் போனேன். பொய்யைச் சொன்னேன். மன்னிப்புக் கொடுத்து, ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். பத்து உயிர் பிழைத்ததை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள் எல்லாரும். முயற்சி செய்கிறேன், முடியவில்லை. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் நீ இந்தக் கட்டிலில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, தம்பி. உண்மையைச் சொன்னதற்கு நான் யாரிடம் போய்க் கேட்பது?

உன் அக்கா