சுண்ணாம்பு தின்ற ரேகை

செண்பகத்துக்கு,

இதை நீயே படி, உன் அண்ணனிடம் கொடுக்காதே. இந்தத் தோல் ஊருக்கு மாற்றலாகி ஒரு வருஷம் ஆகிறது. நாற்றம் பழகிவிட்டது, சோறும் இறங்குகிறது. லீவு கிடைத்தும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய்.

தோல் கிடங்கில் திருட்டு நடந்தது. சவரிமுத்து என்கிற கூலியாளைப் பிடித்தோம். தோல் கிடைத்தது பாலாற்று மணலில். அவன் வீட்டில் எடுத்ததாகக் கைப்பற்றல் மகஜர் எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எழுதினேன். அவனுக்கு எழுத்து தெரியாது, கைநாட்டு வாங்கினேன். மை அப்பியதே தவிர ரேகை விழவில்லை.

"இருபது வருசமா சுண்ணாம்புக் குழியில வேலை, ஏட்டய்யா. ரேகைய அது தின்னுட்டுது" என்றான்.

அவனை வெளியே அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னார்: "இன்னாய்யா முழிக்கறே? உனுக்கு விரல் இல்ல?"

வேறு தாளில் மகஜரை எழுதி என் கட்டைவிரலை வைத்தேன்.

கோர்ட்டில் அந்தத் தாளை அவனிடம் காட்டினார்கள். வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டய்யா, என் ரேகை திரும்பி வந்துடுச்சா?" என்று முகம் மலரக் கேட்டான்.

எட்டு மாசம் போட்டார்கள்.

அவன் மனைவி அமிர்தவள்ளி உன்னைத் தேடித் திமிரிக்கு வருவாள். விலாசம் கொடுத்தது நான்தான். உள்ளதை அவளிடம் சொல்ல இரண்டு முறை போய், வாசலோடு திரும்பிவிட்டேன். அப்பீலுக்கு இந்தக் கடிதம் உதவும். என் வேலை போகும், நானும் உள்ளே போவேன். இருந்தாலும் கொடுத்துவிடு.

பெயர் போடவில்லை. கீழே என் கட்டைவிரலை வைத்திருக்கிறேன், ஒத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்