வாசுகி வாங்கிய முப்பத்தைந்து

சேரங்கோடு,
4.2.2001

அன்பு மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நான், அம்மா, உன் தங்கச்சி வாசுகி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் கான்பூர் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை, வேலைதான் பாதி நாள் இல்லையே. வெட்கம்தான் காரணம். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வேறு யாரும் சொல்லி நீ கேட்கக்கூடாது என்று நானே எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்து கிடப்பது உனக்குத் தெரியும். கொழுந்து முற்றிப்போய்ச் செடியிலேயே நிற்கிறது, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்கிறார்கள். ஃபேக்டரியில் எங்களை இரண்டு செட்டாகப் பிரித்து ஆளுக்கு வாரம் மூன்று நாள் என்று ஆக்கிவிட்டார்கள், அந்த லிஸ்ட்டை எழுதுவது ஃபேக்டரி மேஸ்திரி ஆறுக்குட்டி. மீதி நாளெல்லாம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சும்மா இருப்பவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே, குழாயடிக் கல்லில் உட்கார்ந்து படிக்கிற வாசுகியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யானை இரண்டு வந்து மாரியாயி வீட்டு வாழையை அடியோடு தின்றுவிட்டுப் போனதை அரை நாள் பேசினார்கள், இந்தப் பிள்ளை படிப்பதை ஒரு மாதம் பேசினார்கள். ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிவிடும், பத்தாம் வகுப்பிலேயே இப்படி என்றால் காலேஜ் போகும்போது முடியே இருக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, இப்படி ஆளுக்கு ஒன்று. உன்னையும் விடவில்லை. நீ எண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாய் என்று நான் சொல்லப்போக, பக்கத்து வீட்டு மோசஸ் மிகவும் கவலையாக, "இன்னுமா எண்ணிக்கிட்டிருக்கு? இப்ப எது வரைக்கும் எண்ணியிருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பாவம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுக்குட்டியும் மாரியாயியும் மோசஸும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். யாருக்கோ பெண் கேட்க வந்ததுபோல் அடக்கமாக உட்கார்ந்தார்கள். ஆறுக்குட்டிதான் பேச்சை எடுத்தார். "ஏனுங்க காத்தமுத்து, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க புள்ள தொண்ணூத்தெட்டு வாங்குதுங்க. எம்பட பையன் நாப்பது வாங்கறான். நாப்பதும் நல்ல மார்க்குதானுங்க. பக்கத்துல தொண்ணூத்தெட்ட வெச்சுப் பாத்தா நல்லாவா இருக்குதுங்க?" என்றார். மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர் எப்ப பாத்தாலும் வாசுகியப் பாரு வாசுகியப் பாருன்னு சொல்றாங்க அண்ணே, எம்பையனும் புஸ்தகத்த மூடி வச்சிட்டு அவளையேதான் பாத்துக்கிட்டிருக்கான்" என்றாள். மோசஸ், இது ஒரு ஒத்துழைப்புதான், அரைப் பரீட்சையில் பாஸ் மார்க் மட்டும் வாங்கினால் போதும், மற்றப் பிள்ளைகளுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்றார். எழுந்து போகும்போது ஆறுக்குட்டி, புது லிஸ்ட் ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது.

நான் வாசுகியைக் கூப்பிட்டுக் கேட்டேன் ரஞ்சனி. பெற்ற அப்பன் கேட்டேன். "எல்லாப் பாடத்துலயுமாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். எவ்வளவு என்றாள். பாஸானால் போதும் என்றேன். சரிப்பா என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அழுதிருந்தாலும், முடியாது என்று கத்தியிருந்தாலும் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ரிசல்ட் வந்தது. தமிழ் முப்பத்தைந்து, இங்கிலீஷ் முப்பத்தைந்து, அறிவியலும் சமூக அறிவியலும் முப்பத்தைந்து, கணக்கில் மட்டும் முப்பத்தாறு. கணக்கு டீச்சர் என்னை வரச்சொல்லிப் பேப்பரைக் காட்டினார். ஒவ்வொரு கணக்கையும் எந்த வரியில் நிறுத்தினால் எத்தனை மார்க் விழும் என்று பார்த்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். "இப்படி முப்பத்தஞ்சு வாங்கணும்னா நூறு வாங்கத் தெரிஞ்சிருக்கணுங்க" என்றார் டீச்சர். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று அவர் இரக்கப்பட்டு ஒரு மார்க் போட்டாராம், இவள் போய் அந்த ஒன்றைக் குறைத்துவிடுங்கள் டீச்சர், வீட்டில் முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டேன் என்று நின்றாளாம். கூட்டச் சொல்லி வருபவர்களுக்குச் சொல்லத்தான் தனக்குப் பதில் தெரியும், குறைக்கச் சொல்லி வந்தவளுக்கு என்ன சொல்வது என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

லயத்தில் அன்றைக்குத் திருவிழா. பிள்ளை திருந்திவிட்டது என்று மாரியாயி வீடு வீடாகப் பூந்தி கொடுத்தாள். தொழிலாளர் மன்றத்தில் கூட்டம் போட்டு, தொண்ணூற்றெட்டிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்த மாணவி என்று மைக்கில் சொல்லி வாசுகிக்குச் சால்வை போர்த்தினார்கள். மோசஸ் பேசும்போது மற்றப் பிள்ளைகளும் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார், அதில் முப்பது வாங்கிய இரண்டு பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். புது லிஸ்ட்டில் எனக்கு வாரம் நாலு நாள் கிடைத்தது. உன் அம்மா இரண்டு நாள் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளாத குறைதான்.

அதோடு முடிந்ததென்று நினைத்தேன். பொங்கல் கழிந்து மன்றத்தில் மறுபடியும் கூடினார்கள். மார்ச் மாதம் அரசாங்கப் பரீட்சை, அதில் வாசுகி எவ்வளவு வாங்கலாம் என்பது விஷயம். முப்பத்தைந்து என்றால் எஸ்டேட்டுக்குக் கேவலம் என்றார் ஒருவர், அறுபது என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ், பழைய வியாதி திரும்பிவிடும் என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் பேசி ஐம்பத்திரண்டு என்று முடிவு செய்தார்கள். அதைத் தீர்மானமாக எழுத வேண்டும், பிழையில்லாமல் எழுத ஆள் இல்லை, அதனால் வாசுகியையே கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். அவளும் வந்து உட்கார்ந்து எழுதினாள். ஆறுக்குட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, "பேர் போடவா மாமா, இல்ல மேற்படி மாணவின்னு போடவா?" என்று கேட்டாள். மேற்படியே மரியாதையாக இருக்கிறது என்றார்கள். பிறகு அவர் சொன்ன வாக்கியத்தில் ஒரு பிழை இருந்ததைத் திருத்தி, முதல் கையெழுத்து பெற்றோருடையது என்று என்னிடம் நோட்டை நீட்டினாள். முத்து முத்தான அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் நோட்டை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "நான் போட மாட்டேன். எம்மக தெரிஞ்சத எல்லாம் எழுதுவா. நூறு வந்தா நூறு" என்று சொல்லிவிட்டேன். ஆறுக்குட்டி கோபப்படவில்லை, துக்க வீட்டில் பேசுவதுபோல், "அப்பக் கஷ்டமுங்க" என்றார். மறுநாள் இரண்டு பேர் வந்து சால்வையைத் திருப்பிக் கேட்டார்கள். அம்மா அதைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொடுத்தாள்.

இப்போது எந்த லிஸ்ட்டிலும் என் பெயர் இல்லை. நெல்லியாளம் பக்கம் ஒருவர் தோட்டத்தில் இஞ்சி கிளறப் போகிறேன், அம்மாவுக்குக் கொழுந்து மலையில் மூன்று நாள் வேலை இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை, நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். வாசுகி விடியலில் எழுந்து படிக்கிறாள், ஆனால் என்னோடு பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். நான் கையெழுத்துப் போடவில்லை என்பதைவிட முதலில் கேட்டேன் என்பதுதான் அவள் மனதில் நிற்கிறது போலிருக்கிறது. அது நியாயம்தான். நேற்று சாயங்காலம் அவளாகவே கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கேள்வி கேளுங்கப்பா என்று கொடுத்தாள். கேட்டாளே என்ற பதட்டத்தில் எந்தப் பக்கம் திறந்தேன் என்று பார்க்கவில்லை, பதினேழு சென்டிமீட்டர் என்று சத்தமாகப் படித்தேன். அவள் ஒரு நிமிடம் யோசித்து ஒரு செங்கோண முக்கோணத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். அடுத்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் என்றேன், அதற்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு போன பிறகுதான் சொன்னாள், நான் திறந்தது கடைசியில் விடைகள் இருக்கிற பக்கமாம், நான் விடையைச் சொல்லச் சொல்ல அவள் கேள்வியைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள் ரஞ்சனி, டிசம்பருக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். புத்தகத்தைத் திருப்பப் போனேன், வேண்டாம்ப்பா, அப்படியே கேளுங்க என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, காலுக்கு உறை போடாமல் வெளியே போகாதே. தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. இரண்டு பேரும் எவ்வளவு தூரம் படிக்க முடியுமோ அவ்வளவு தூரம் படித்து, நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
காத்தமுத்து