துவக்குப் பட்டியும் உடப்பு முடிச்சும்

எலுவன்குளம்
08.03.2015

அன்புள்ள மகன் யசோதரனுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு, கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். உடப்புத் திரௌபதை அம்மன் கத்தாரிலும் உன் பக்கத்தில் நிற்கட்டும். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், மனம் வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். முந்தலில் உன் அக்கா சுபாஜினிக்கு இது ஏழாம் மாதம், கால் வீக்கம் தவிர வேறு கரைச்சல் இல்லை. அத்தான் வேலை செய்யும் இறால் பண்ணையில் மறுபடியும் நோய் வந்து தொட்டிகளை வற்ற விட்டிருக்கிறார்களாம், அவர் வீட்டில் சும்மா இருந்து அக்காவின் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்முடைய சிவப்புப் பசு கன்று போட்டது, தக்கவில்லை.

நீ நினைப்பாய், கிழமைக்கு ஒருக்கால் போனில் கதைக்கிற அம்மா ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று. குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், நான் ஏறினால் உன் அப்பாவும் நொண்டி நொண்டிப் பின்னால் வந்து காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். இது அவர் கேட்கக் கூடாத கதை. நாளைக்கு அவரைக் கிளினிக்குக்குப் புத்தளம் கூட்டிக்கொண்டு போகும்போது தபாலில் போடுவேன். தை மாதம் நடந்ததை நீ போனில் கேட்டாய்தான், அப்பாவின் கை தவறி வெடி அடுத்த வயல் செய்னுலாப்தீன் மாமாவின் காலில் பட்டுவிட்டது என்று. ஊர் முழுக்க அப்படித்தான் நம்புகிறது. அது அப்படி இல்லை மகன். இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வேகிறேன், யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆடியில் பாரிசவாதம் வந்த பிறகு அப்பாவின் இடது கை சோறு குழைக்கவும் உதவாமல் போனது உனக்குத் தெரியும். வலது கை நல்லது, கண்ணும் நல்லது, துவக்கின் முன்பக்கத்தைத் தாங்குகிற கைதான் நடுங்கியது. துவக்கு இல்லாவிட்டால் இந்தக் காட்டோரத்தில் பன்றி ஒரு கதிர் மிச்சம் வைக்காது. அப்பா படுத்த படுக்கையில் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான், முன்பு ஊர்காவல் படையில் இருந்தானே நிக்கொலஸ், அவன் பார்க்க வந்த இடத்தில் ஒரு வழி சொன்னான். மேற்கையைச் சுற்றி ஒரு பட்டி போட்டு, அதன் மறு நுனியைத் துவக்கின் குழலுக்குக் கீழே மரத்தில் கொழுவி, கையை முன்னுக்குத் தள்ளினால் பட்டி இறுகிப் பாரத்தைத் தாங்குமாம், கைக்குப் பெலனே தேவையில்லையாம், தங்களுக்குப் பயிற்சியில் அப்படித்தான் சுடப் பழக்கினார்களாம். அப்பாவுக்கு அன்றைக்கு வந்த உயிரை நான் ஆடிக்குப் பிறகு பார்த்ததில்லை. எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

பிறகு பட்டி தேடுகிற வேலை என் தலையில். முதலில் உரப்பையின் நைலோன் நாடாவை மூன்றாக மடித்துத் தைத்தேன், இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது, துவக்கு மெல்ல மெல்லத் தலை குனிந்தது. நிக்கொலஸ் பார்த்துவிட்டு “அம்மா, இது ஊஞ்சல் கட்டத்தான் சரி” என்று சிரித்தான். பிறகு நீ விட்டுப்போன தோல் பெல்ட்டை எடுத்தோம், அது நீளம் காணாது, வியர்வையில் வழுக்கி முழங்கைக்கு இறங்கியது. கடைசியில் உடப்புக்குப் போய் உன் மாமாவிடம் கேட்டு, கரைவலை இழுக்கிறவர்கள் இடுப்பில் போடுகிற பருத்திப் பட்டி ஒன்றை வாங்கி வந்தேன். நாலு விரல் அகலம், உப்பிலும் வெயிலிலும் கிடந்து இழுபட்டு இனி நீளுகிறதற்கு ஒன்றும் இல்லாத பட்டி. உள்ளுக்குப் பழைய சேலைத் துண்டு வைத்துத் தைத்தேன், அப்பாவின் கையில் பிடித்தபிடி நின்றது. நிக்கொலஸ் துவக்கின் மரத்தில் ஒரு இரும்பு வளையம் முடுக்கித் தந்தான், பட்டியை அந்த வளையத்தோடு சேர்த்துத் தைத்துவிடச் சொன்னான்.

அங்கேதான் நான் பெரிய கெட்டிக்காரி ஆனேன். யானை வந்தால் என்ன செய்வது, ஒரு கை விளங்காத மனிசன் துவக்கோடு கட்டுப்பட்டுக் கிடப்பாரா என்று அவனோடு வாதாடினேன். வலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தர வேண்டாம் என்றேன். கரைவலைக்காரர் தங்கள் பட்டியின் வாலைக் கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி மடக்குவார்கள், நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். இழுக்கிற வரைக்கும் அது இரும்பு மாதிரி நிற்கும், மேட்டுக்குப் போய் இழுவையைத் தளர்த்தினால் தானாகக் கழன்றுவிடும், கழன்றால்தான் திரும்பி ஓடிப்போய்த் தண்ணீரோரத்தில் அடுத்த பிடி பிடிக்கலாம். அந்தச் சுற்றைத்தான் நான் வளையத்தில் போட்டேன். வீட்டு முற்றத்தில் தேங்காய் மட்டையை வைத்து அப்பா சுட்டுப் பழகியபோது ஒருநாளும் பிசகவில்லை, தூக்குவார், கையைத் தள்ளுவார், ஒரே மூச்சில் சுட்டுவிடுவார். மார்கழியில் லைசன் புதுப்பிக்கப் போன இடத்திலும் பட்டியைப் போட்டுத் தூக்கிக் காட்டிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு விடியப்போகிற நேரம், நிலம் வெளுத்துக்கொண்டு வருகிறது. காவல் கொட்டிலில் நான்தான் அவர் கையில் பட்டியைப் போட்டு வளையத்தில் சுற்றிவிட்டுப் பின்னால் நின்றேன். காட்டுப் பக்க வரம்பில் பன்றி வந்தது. அப்பா தூக்கினார், அசையாமல் நின்றது துவக்கு. பன்றி பற்றைக்குப் பின்னால் போனது. அப்பா துவக்கைக் கொஞ்சம் கீழே பதித்துக் காத்துக்கொண்டிருந்தார். இழுவை தளர்ந்தது, என் முடிச்சு கழன்றது. பட்டியின் வால் தொங்குகிறதை நான் கண்டேன் மகன். இந்தக் கண்ணால் கண்டேன். அவர் காணவில்லை, அவர் கண் பன்றியில். சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் பன்றி மறுபடி வெளியே வந்துவிட்டது, சத்தம் கேட்டால் ஓடிவிடும், இந்தக் கிழமையே மூன்றாம் தரம் தப்பிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பா தூக்கினார், கையைத் தள்ளினார், தாங்குகிறதற்கு ஒன்றும் இல்லை, துவக்கு சரிய வெடித்துவிட்டது. இடையில் இருந்த வாய்க்காலுக்குள் செய்னுலாப்தீன் மாமா சுபஹுத் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒளுச் செய்துகொண்டு குந்தியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரைக் காணவில்லை.

தோட்டாவில் இருந்து சிதறிய சின்னக் குண்டுகளில் முழங்காலில் மூன்று, தொடையில் இரண்டு. இப்போது கோல் ஊன்றிப் படலை வரைக்கும் வருகிறார், கால் மடங்காது, இனி வயலுக்குள் இறங்க ஏலாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து உடுத்த துணியோடு வந்து, பதினைந்து வருடம் அகதிக் கொட்டிலில் கிடந்து, பிறகு காடு வெட்டி எடுத்த காணி அது. பொலிசுக்கு அப்பாவைப் பற்றி அவர் என்ன சொன்னார் தெரியுமா, “பரமலிங்கத்துல ஒரு குத்தமும் இல்ல சேர், வெடி வெக்கிற நேரமெண்டு தெரிஞ்சும் நான்தான் குறுக்கால போய்க் குந்தினன்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் பெண்சாதி கமீலா மச்சி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவதில்லை, பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே நிற்கிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துவக்கைப் பொலிசு கொண்டுபோய்விட்டது, இப்படிக் கையோடு இருக்கிறவருக்குத் திருப்பித் தர ஏலாது என்கிறார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நம் வயலையும் அவர் வயலையும் பத்து நாளில் பன்றி உழுதுவிட்டது. மாசியில் அரிவி வெட்டப் போய்ப் பதரைக் கட்டிக்கொண்டு வந்தோம்.

அப்பா இந்தக் கைதான் செய்தது என்கிறார். அந்தக் கையைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு இருக்கிறார், சாப்பிடும்போதும் வெளியே எடுப்பதில்லை, வைத்தியர் சொன்ன பயிற்சியும் செய்வதில்லை. உண்மையைச் சொல்ல இரண்டு தரம் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சொன்னால், பிழை கையில் இல்லை, துவக்கைத் தா என்று பொலிசில் போய் நிற்பார் என்று ஒரு சாட்டு வைத்திருக்கிறேன். அது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம். எனக்குத் துணிவில்லை, அதுதான் உண்மை. முப்பத்தொரு வருடம் என்னை ஒரு சொல் சொல்லாத மனிசன், அவர் இனி என்னை எப்படிப் பார்ப்பாரோ.

இப்போது நீ வைகாசியில் ஒப்பந்தம் முடிந்து வந்துவிடுகிறேன், லைசனை என் பேருக்கு மாற்றி இரண்டு வயலையும் நானே பார்க்கிறேன், செய்னுலாப்தீன் மாமாவுக்கும் பங்கு கொடுப்போம் என்று எழுதியிருக்கிறாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்க அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அன்றைக்கே அலுமாரியைத் திறந்து அந்தப் பட்டியை எடுத்து, “தம்பிட கை இப்ப என்ன பருமன் இருக்கும், அவனுக்கு அளவாத் தைச்சு வை” என்று என் மடியில் போட்டார். மகன், நீ வராதே. பெற்றவள் சொல்கிற வார்த்தையா இது என்று கோபிப்பாய், கோபித்துக்கொள். பன்றியைச் சுட்டால் யானை வரும், யானை போனால் மழை பொய்க்கும், இந்த மண்ணில் இனி ஒன்றும் மீளாது. நீ வந்தால் விடியற்காலையில் உன் கையில் பட்டியைப் போடப்போவதும் நான்தான், பின்னால் நிற்கப்போவதும் நான்தான். என்னை நானே நம்பவில்லை.

வெயிலில் வேலை செய்யும்போது தலையை மூடு, தண்ணீர் குடிக்க மறக்காதே, செவ்வாய் வெள்ளியில் விளக்கு வைக்க முடியாவிட்டாலும் திருநீற்றையாவது தொட்டுக்கொள். நீ நீடூழி வாழ வேண்டும், உனக்கு நல்ல இடத்தில் நல்ல பெண் அமைய வேண்டும், என் குற்றம் உன்னைத் தொடாமல் போக வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை. பதில் எழுதும்போது இந்தக் கதையில் ஒரு எழுத்தும் எழுதாதே, போனிலும் மூச்சு விடாதே, இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார்கள், வர முடியாது என்று எழுது, பொய்யாக இருந்தாலும் எழுது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறவள் நான்தான், அதனால் சின்னதாக எழுது மகன், நடுவில் என் குரல் உடையாத அளவுக்கு.

உன்னைப் பெற்றவள்,
ப. ராசம்மா