அவன் எப்பவும் அப்படித்தான்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஃபோனைப் பார்க்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே. இன்னும் கண் கூசுகிறதா? நர்ஸிடம் திரையை இழுத்துவிடச் சொல். ஆட்டத்தில் வளைந்துபோன உன் சக்கர நாற்காலியின் சக்கரத்தை மாற்றக் கொடுத்தாயிற்று. கூடைப்பந்து அணியே உன்னைக் கேட்கிறது. இங்கே மூன்று ஆட்டங்கள் பாக்கி இருப்பதால் உடனே வர முடியவில்லை. சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு வரிக்கு மேல் எழுதினால் தலை வலிக்கிறது. ஆட்டங்களுக்கு நடுவிலேயே பயிற்சியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தலை தரையில் மோதிய பிறகும் ஏன் என்னைத் திரும்ப ஆடவிட்டீர்கள் என்று கேட்டேன். "உங்க அக்காவைக் கேளு" என்றார். கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

ஆட்டங்கள் பாக்கி என்றது சாக்கு. உன் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை.

நீ விழுந்ததும் ஆட்ட மருத்துவர் ஓடி வந்தார். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்க்கும் சோதனை உனக்கு ஒத்துவராது. அதனால் உன் பேச்சைக் கவனித்தார். "ரொம்பக் குழறுதே, வழக்கமா இப்படித்தானா?" என்று கேட்டார். அணியின் பிசியோ நான்தானே. "அவன் எப்பவும் அப்படித்தான் பேசுவான்" என்றேன். கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், நீ குடித்திருக்கிறாய் என்று முறைத்தவர்களிடம் எல்லாம் சின்ன வயதிலிருந்து உனக்காகச் சண்டை பிடித்துச் சொன்ன அதே வாக்கியம். யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. அதை நம்பி அவர் உன்னைத் திரும்ப ஆடவிட்டார்.

இன்னும் இருக்கிறது. சீசன் தொடங்கும்முன் ஒவ்வொருவரும் நல்ல நிலையில் எப்படிப் பேசுகிறார்கள், ஐந்து சொற்களைக் கேட்டு எத்தனையைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று குறித்துவைக்க வேண்டும். அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். பதினோரு பேரை உட்காரவைத்துச் செய்தேன். உன் தாளை மட்டும் நானே நிரப்பினேன். என் தம்பியை எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

வெட்கமாக இருக்கிறதடா. நிர்வாகத்திடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை மூன்று நாளாக எழுதுகிறேன், கோழிக்கிறுக்கலில் உன்னை மிஞ்சிவிட்டேன்.

அன்று "தலை சுத்துது" என்று சொல்ல வந்தேன். "த" என்று தொடங்கியதுமே "தண்ணியா?" என்று பாட்டிலை நீட்டினாய். நானும் வாங்கிக் குடித்தேன். என் பேச்சை நீ முடித்துவைப்பது நம் இருவருக்கும் பழகிவிட்டது. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

நேற்று புதிய பிசியோ வந்து அந்தச் சோதனையை எடுத்தார். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு வந்தன. ஐந்தாவதற்காக இருவரும் வெகுநேரம் காத்திருந்தோம். இந்த சீசன் ஆட வேண்டாம் என்றார்.

அணிக்கு அவரே இருக்கட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை அக்காவாக மட்டும் வா. அந்த ஐந்தாவது சொல் எனக்கு இன்னும் வரவில்லை. உன்னிடமும் அந்தப் பட்டியல் இருக்கும். நான் எவ்வளவு திணறினாலும் எடுத்துக் கொடுக்காதே.

தம்பி