முள் தைத்தும் வலிக்காத விரல்

மதினி,

வழக்கமான சோப்பு தீர்ந்துவிட்டதென்று கடைக்காரர் கார்பாலிக் சோப்பைக் கொடுத்தனுப்பிவிட்டார். கையில் தேய்த்ததுதான் தாமதம், மதுரைப் பெரியாஸ்பத்திரி வராந்தா அப்படியே மூக்கில் ஏறிவிட்டது. அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. உலை கொதிக்கிறது, அரிசி இன்னும் களையவில்லை, நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். "ஒரு எடத்துல இருக்க மாட்டியா நீ, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று திட்ட நீங்களும் உயிரோடு இல்லை.

அது உலக யுத்தச் சண்டைக் காலம். வாடிப்பட்டி வீட்டில் நான் கல்யாணம் ஆகாத நாத்தனார். உங்கள் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. உங்கள் இடது முழங்கைக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. குடம் அதில் இடித்தால் சுண்டுவிரல்வரை சுரீரென்று இழுக்கும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தீர்கள். சுளுக்காக இருக்கும் என்று நானும் விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டேன். நீங்கள் பல்லைக் கடித்துக்கொள்வீர்கள்.

விறகு அள்ளிப் போட்டுவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினீர்களே, அன்றைக்கு வந்தது வினை. சுண்டுவிரலில் கருவேல முள் ஏறி நிற்கிறது, நீங்கள் பாட்டுக்குப் பிள்ளையோடு சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா பார்த்துவிட்டாள். நம் பக்கத்தில் பெருநோய்க்கு, அதாவது குஷ்டத்துக்கு, ஒரு சோதனை உண்டு. முகத்தைத் திருப்பச் சொல்லி முள்ளால் குத்துவார்கள். வலித்தால் நல்ல உடம்பு, வலிக்காவிட்டால் பெருநோய். அம்மா அந்த முள்ளையே பிடுங்கிக் குத்தினாள். சற்றுப் பொறுத்து நீங்கள் கேட்டீர்கள், "குத்திட்டீங்களா அத்தே?"

அம்மா பிள்ளையைப் பறித்துக்கொண்டாள்.

அப்புறம் மாட்டுக்கொட்டகையை ஒட்டி உங்களுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். பிள்ளை வீட்டுக்குள் பாலுக்கு அழும், நீங்கள் வெளியே மார் கட்டி, சேலை நனைந்து உட்கார்ந்திருப்பீர்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அழுகை வரவில்லை. கொட்டாம்பட்டியில் உங்கள் அப்பா வீட்டில் விட்டுவிட்டு வருவது, பிள்ளை இங்கேயே இருப்பது என்று அம்மா முடிவு செய்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

"பெரியாஸ்பத்திரியில காட்டிட்டு அப்புறம் விடுங்க" என்றேன்.

"ஊருக்குத் தெரிஞ்சா ஒன்னைய எவன்டி கட்டுவான்?" என்றான் அண்ணன்.

"கட்டாட்டிப் போறான். நான் கூட்டிட்டுப் போறேன்."

பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓட்டிய பஸ் சமயநல்லூரில் நின்றுபோனது. டிரைவர் கரியைக் கிளறிக் கிளறிப் பார்க்க, நான் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நீங்கள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அசையாமல் இருந்தீர்கள்.

அந்த டாக்டர் முள்ளைத் தேடவில்லை. பஞ்சைத் திரித்துக்கொண்டு முகம், முதுகு, கால் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மட்டும்தான் மரத்திருந்தன. கட்டியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் அசைந்தது, மேலும் கீழும் நகரவில்லை. லேசாகத் தட்டினார், நீங்கள் துள்ளிவிட்டீர்கள்.

"இது பெருநோய் இல்லம்மா. நரம்புக்கு மேல உறை மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல வளந்த கட்டி. இது அநேகமா சாதுதான். பரவாது, ஒட்டாது. ஒரு வாய்க்கா அடைச்சா அது பாயுற வயல் மட்டும்தானே காயும்? அந்த மாதிரி, இந்த நரம்பு போற விரல் மட்டும் மரத்திருக்கு."

நான் உருவிவிட்டதைச் சொன்னேன். "நரம்ப நசுக்கியிருக்கீங்க, இனி தொடாதீங்க" என்றார். சும்மா விட்டாலும் உயிருக்கு ஒன்றுமில்லை, வேகமாக வளர்ந்தால் மட்டும் உடனே வரவேண்டும் என்றார். அறுத்தும் எடுக்கலாம். ஆனால் நரம்பின் இழை அறுந்தால் அந்த இரண்டு விரலும் மடங்கிப்போகும்.

விரல் மடங்கினால் ஊர் என்ன சொல்லும்? மடங்கின விரலைப் பார்த்தாலே பெருநோய் என்பார்கள், முள்ளே தேவையில்லையே. "வேண்டாம் மதினி, அவரு சொன்னதையே வீட்டுல சொல்லுவோம்" என்றேன்.

"சொன்னா ஒங்க அம்மா நம்புவாகளா? கட்டி இருக்குற வரைக்கும் எம்பிள்ளைய எங்கிட்டத் தர மாட்டாக" என்றீர்கள். பிறகு டாக்டரிடம், "அறுத்துருங்கய்யா."

உங்களை உள்ளே கொண்டுபோன பிறகு அந்த வராந்தாவில் நான் உட்காரவே இல்லை. ஒரு நர்சம்மா இரண்டு தடவை அதட்டினார். டாக்டர் வெளியே வந்து, "மொச்சையத் தொலி உரிச்ச மாதிரி தனியா வந்துருச்சு" என்றார். எனக்கு அதுவும் போதவில்லை. மயக்கம் தெளிந்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த உங்கள் சுண்டுவிரல் மெல்ல நிமிர்ந்தபோதுதான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வீட்டு வாசலில் அம்மா பிள்ளையோடு நின்றாள். விவரம் எல்லாம் கேட்டாள். பிள்ளையை நீட்டினாள். நீங்கள் வாங்கவில்லை.

"மொதல்ல என் கையத் தொடுங்க அத்தே."

அம்மா என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு அந்தச் சுண்டுவிரலைப் பிடித்தாள். அதன்பிறகுதான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனீர்கள்.

அன்று சாயங்காலம் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே என்னிடம் கேட்டீர்கள். "ஏத்தா, அந்த டாக்டரு பெருநோய்தான்னு சொல்லியிருந்தா? அப்பயும் என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பியா?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். நீங்கள் அதை மறுபடி கேட்கவே இல்லை. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், எத்தனையோ பேசினோம், அதை மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வந்து வந்து வேறு பேச்சுப் பேசிவிட்டுப் போயிருக்கிறேன்.

கூட்டிட்டு வந்திருப்பேன், மதினி. இப்போது சொல்ல முடிகிறது. நம்புவீர்களா என்றுதான் தெரியவில்லை.