சீட்டு ஒட்டாத மரப்புக் களிம்பு

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்ப்பவன்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி.

பெறுநர்:
சுகாதாரத் துறை அதிகாரி அவர்கள்.

பொருள்: அளவும் வீரியமும் குறிப்பிடாத மரப்புக் களிம்பை வீட்டிலேயே பூசி வரச் சொல்லும் தோல் சிகிச்சை நிலையத்தின் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்சல் நிறுவனத்தின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த என் மனைவி இறந்துவிட்டாள். சிறு வயதில் வெந்நீர் கொட்டியதில் அவளுடைய இரு கால்களிலும் தழும்பு இருந்தது. லேசர் வைத்து மங்கச் செய்யலாம் என்று கடைவீதி நிலையத்தில் சொல்லி, வலி தெரியாமலிருக்க வெள்ளை டப்பா ஒன்றில் களிம்பு கொடுத்தார்கள். "தாராளமா பூசிக்கோங்கக்கா. மேல பிளாஸ்டிக் சுத்திட்டு வந்துடுங்க, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. மருத்துவர் யாரும் பார்க்கவும் இல்லை.

2. ஐயா, பிளாஸ்டிக் சுற்றுவதுதான் என் மனைவியின் வேலை. அவள் சுற்றிய பெட்டிக்குள் காற்றுகூடப் போகாது என்று மேற்பார்வையாளரே சொல்வார். அன்று டப்பாவை வழித்துப் பூசி, சரக்குக்குச் சுற்றுவது போலவே கால்களையும் பல சுற்று இறுக்கிச் சுற்றினாள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள்.

3. வெயிலில், பஸ்ஸில் நின்றபடியே போனோம். "என்னங்க, காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு. நாக்குகூட மரத்துப்போச்சு" என்றாள். "நல்லதாப் போச்சு, இன்னைக்காவது வீடு அமைதியா இருக்கும்" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

4. நிலையத்து நாற்காலியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. "பயத்துல வர்ற மயக்கம்தான், காலையில சாப்பிடலையா?" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பிளாஸ்டிக்கை அவிழ்க்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனையில்தான் செவிலியர் கத்தரியால் வெட்டி எடுத்துக் கால்களைக் கழுவினார். மருந்தின் வீரியம் என்ன என்று மருத்துவர் கேட்டார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட இல்லை. அன்று மாலை அவள் இதயம் நின்றுவிட்டது.

5. ஊசி போடுமுன் குழந்தைகளுக்கே இத்தகைய களிம்பைப் பூசுகிறோம் என்றார் அந்த மருத்துவர். ஆனால் சிறிய இடத்தில், அளந்து, கண்ணெதிரே வைத்துக்கொண்டு. பரவலாகப் பூசி இறுக மூடி, சூடும் சேர்ந்தால் மருந்து இரத்தத்தில் ஏறி மூளையையும் இதயத்தையும் தாக்குமாம். காது இரைச்சலும் நாக்கு மரப்பும் அதன் அறிகுறிகளாம். உடனே துடைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்க வேண்டுமாம். ஆகவே மருந்தின் மேல் எனக்குப் பகை இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடு இல்லாத லிஃப்டை எந்த அதிகாரியும் ஓட விடுவதில்லை. உடம்புக்குள் இறங்கும் மருந்துக்கு அது வேண்டாமா?

6. "அவங்கதான் ரொம்ப இறுக்கிச் சுத்திட்டாங்க" என்கிறார்கள் நிலையத்தார். அந்த டப்பாக்களைத் தாங்கள் கைப்பற்ற வேண்டும். மருத்துவர் பார்க்காமல், அளவும் ஆபத்தும் எழுதித் தராமல் இனி யாருக்கும் கொடுக்க விடக்கூடாது.

7. இன்று காலை என் மனைவியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "உங்கள் அடுத்த சிகிச்சை இன்று. களிம்பைத் தாராளமாகப் பூசி வரவும்." போனை அணைத்துவிட்டேன். இதே செய்தி இன்று இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தங்களால் கண்டுபிடிக்க முடியும். அந்த வீடுகளில் டப்பாவைத் திறப்பதற்குள் கண்டுபிடியுங்கள், ஐயா.

இடம்: வீடு
நாள்: அவளுக்குக் குறித்திருந்த திங்கட்கிழமை

தங்கள் நடவடிக்கையை நம்பியிருக்கும்,
(கையொப்பம்)
அவள் கணவன்